புகையை யார் பேரில் எழுத?

சென்னை என்றொரு நகரம் உண்டானதற்கு மூலகாரணம், பழவேற்காட்டில் இங்கிலீஷ்காரனுக்குக் குடியிருக்க இடம் கிடைக்காததுதான். இதை மயிலாப்பூரில் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து எளாவூரில் சொன்னால், "சரி, அதுக்கென்ன இப்போ? எறா விலை ஏறிடுமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

நடந்தது இதுதான். இங்கிலீஷ்காரனுக்கு முன்னாலேயே டச்சுக்காரன் வந்துவிட்டான். 1610 வாக்கில் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கடை விரித்தான். 1612இல் போர்த்துகீசியர் வந்து அடித்து நொறுக்கினார்கள். உடனே டச்சுக்காரனுக்கு ரோஷம் வந்தது. 1613இல் கோட்டையே கட்டி, தன் ஊர் மாகாணத்தின் நினைவாக கெல்ட்ரியா என்று பேரும் வைத்துவிட்டான். 1619இல் ஐரோப்பாவில் இரு தரப்புப் பெரியவர்களும் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: இங்கிலீஷ்காரனும் பழவேற்காட்டில் வியாபாரம் செய்யலாம், ஆனால் கோட்டைச் செலவில் பாதியை அவன் தரவேண்டும். செலவில் பாதி கொடு, கூடத்துப் பக்கம் வராதே என்கிற மாதிரி ஒட்டுக்குடித்தனம். எத்தனை நாள் ஓடும்? சீக்கிரமே மூட்டை கட்டினார்கள். 1626இல் பழவேற்காட்டு ஏரியின் வடகோடிக்குப் போய், ஆர்மகான் என்ற இடத்தில், இன்றைய துகராஜபட்டினத்தில், குடிசை போட்டார்கள். அங்கேயும் வியாபாரம் படுத்துவிட்டது. ஆர்மகான் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் டே, 1639இல் தெற்கே நகர்ந்து, கப்பல் ஒதுங்கக்கூட வசதியில்லாத ஒரு மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்தார். ஏன் அந்த இடம்? பக்கத்துச் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி இருந்தாள் என்று அந்தக் காலத்திலேயே ஊர் பேசியது. உண்மையோ பொய்யோ, இன்றைய பெருநகருக்கு இதைவிடச் சுவாரசியமான திட்டமிடல் காரணத்தை யாரும் காட்டவில்லை.

இந்த நானூறு வருஷக் கதையை எளாவூர்ப் பக்கம் உட்கார்ந்து படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறொரு விஷயம். கம்பெனிக் கணக்குப்பிள்ளை துணிக்கு ஏடு வைத்திருந்தான். உப்புக்கு ஏடு, சாராயத்துக்கு ஏடு, சலவைக் கூலிக்குக்கூட ஏடு. புகைக்கு மட்டும் ஏடு இல்லை. நகரம் வளர வளர எதையாவது எரித்தாக வேண்டும். எரிப்பதை அடுத்தவன் கொல்லையில் வைத்துக்கொண்டால் கணக்கும் வராது, கண்ணும் எரியாது. அந்த அடுத்தவன் கொல்லைதான் நாங்கள்.

முதல் கொல்லை ஏற்பாடு டச்சுக்காரன் செய்தது. பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை ஒன்று வைத்திருந்தான். முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சத்தில் கரியும் கந்தகமும். அரைத்த மருந்து கப்பலேறி பட்டேவியா வரை போனது. சுற்றுவட்டார மரம் கரியாகி, கரி மருந்தாகி, மருந்து எங்கோ ஜாவாப் பக்கம் யார் தலையிலோ வெடித்துப் புகையானது. உமிழ்வை ஏற்றுமதி செய்வது என்று இன்று கருத்தரங்கு நடத்துகிறார்களே, அதை 17ஆம் நூற்றாண்டிலேயே பீப்பாயில் அடைத்துச் செய்துவிட்டார்கள். அதே கப்பல்களில் மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். அதைச் சொல்லும்போது நக்கல் வரவில்லை, கடந்து போகிறேன்.

டச்சுக்காரன் தொழில் படுத்துப்போனதும், தெற்கே அந்த மணல்மேடு வீங்க ஆரம்பித்தது. மணலில் வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். மதராஸ் சுண்ணாம்பு அந்தக் காலத்தில் உலகப் பிரசித்தம். வெள்ளைக்கார யாத்ரீகர்கள் வந்து, துரைமார் வீட்டுத் தூண்களைத் தடவிப் பார்த்து, பளிங்கு என்றே நினைத்து மயங்கினார்கள். பளிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் ஏரியிலும் கரையோரக் கழிகளிலும் அள்ளிய கிளிஞ்சல்தான். அதைச் சுட்டு நீற்றி, சலித்து, முட்டை வெள்ளை, தயிர், நெய், வெல்லத் தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பூசி, வழுவழுப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். ஒரு தூணுக்குப் போன நெய்யில் ஒரு கல்யாணப் பந்திக்கே பரிமாறியிருக்கலாம்.

சுண்ணாம்புக் காளவாயைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஆள் உயரத்துக்கு வட்டமாக மண்சுவர். அடியில் காற்றுப் போக வாய். உள்ளே கரி ஓர் அடுக்கு, கிளிஞ்சல் ஓர் அடுக்கு, மறுபடி கரி. தீ வைத்துத் துருத்தி போட்டால் ராத்திரி முழுக்கச் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும். விடிந்ததும் கிளிஞ்சலை வெளியே இழுப்பார்கள். பார்க்க அதே கிளிஞ்சல்தான், வரி வரியாக எல்லாம் அப்படியே இருக்கும். தூக்கினால் பாதி எடைதான். தண்ணீரைத் தெளித்ததும் 'சுர்ர்' என்று ஆவி கிளம்பி, வெடித்து, பூத்து, தூளாகச் சரியும். கிட்டே நின்றால் மூக்கும் தொண்டையும் எரியும்.

மிச்சப் பாதி எடை எங்கே போனது? அதுதான் கதையே. 100 கிலோ சுத்தமான கிளிஞ்சலைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். 44 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போகும். இது கல்லுக்குள்ளிருந்து வருவது. சுட எரித்த கரியின் புகை தனி. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் 56 கிலோ மட்டும் ஏறியது, படகுக் கூலியோடு சேர்த்து.

ஆனால் பழைய சுண்ணாம்புக்கு ஒரு நாணயம் உண்டு. சுவரில் பூசியபிறகு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டுதான் அது இறுகிக் கல்லாகிறது. விட்ட 44 கிலோவில் பெரும்பகுதியை வருஷக்கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆக, மதராஸின் பழைய சுவர்கள் கல்லிலிருந்து வந்த கடனை அநேகமாக அடைத்துவிட்டன. கரிக்கு வெட்டின மரத்தின் கடன் மட்டும் பாக்கி. அதற்கு அப்புறம் வந்த சிமெண்டும் காற்றிலிருந்து கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் வாங்கின கடனை முழுதாக அடைக்காது. உலகம் விடும் கரியமில வாயுவில் 100க்கு 7, 8 பங்கு சிமெண்டுடையது. அதில் பாதிக்கு மேல் புகைபோக்கியின் குற்றமே இல்லை; சுண்ணாம்புக்கல் வெந்து விடுகிற பெருமூச்சு.

சுண்ணாம்பைக் கொண்டுபோக வழி வேண்டாமா? பேசில் காக்ரேன் என்ற கம்பெனிக் காண்டிராக்டர் கால்வாய் வெட்டினார். 1806இல் எண்ணூர் வரைக்கும் ஓடியது, பிறகு பழவேற்காடு வரைக்கும் நீண்டது. மனிதர் காசு சேர்த்துக்கொண்டு லண்டன் திரும்பி, அங்கே நீராவிக் குளியல் கூடம் திறந்தார். மதராஸில் இத்தனை வருஷம் ஓசியில் வேர்த்தவர், அங்கே துரைமார்களைக் காசு வாங்கிக்கொண்டு வேர்க்க வைத்தார். வியாபாரி என்றால் இவர்.

கால்வாயில் தெற்கே போனவை உப்பு, கிளிஞ்சல், மீன், முக்கியமாக விறகு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த ஸ்ரீஹரிகோட்டாக் காடு, மதராஸ் அடுப்புகளுக்கென்றே நேர்ந்துவிட்ட காடு. யானாதி மக்கள் கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்த காட்டை சர்க்கார் தன் காடு என்று எழுதிக்கொண்டு, வெட்டிப் படகில் ஏற்றியது. கரையோரம் முழுக்கச் சவுக்கு நட்டதும் அந்தப் பசிக்குத்தான். திருவல்லிக்கேணியில் ஒரு மாமி காலையில் டிகாக்ஷன் போட்டால், அதன் புகை அவள் கண்ணைக் கரிக்கும், வாஸ்தவம். ஆனால் மரம் போன வெட்டவெளி எங்கள் பக்கம். அதே தீவிலிருந்து 1971 அக்டோபரில் முதல் ராக்கெட்டாக ஒரு ரோகிணி கிளம்பியது. அடுப்புக்கு மரம் அனுப்பிய காடு விண்வெளிக்கு அடுப்பு மூட்ட ஆரம்பித்தது. ராக்கெட் விடும் நாளில் இன்றும் எங்கள் மீனவர் கடலுக்குப் போகக்கூடாது. வானத்துக்கு வண்டி போகும்போது தண்ணீரில் படகு ஓடக்கூடாதாம்.

கால்வாய்க்கு வருவோம். 1876-78இல் தாது வருஷப் பஞ்சம். மதராஸுக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரை, கூலியாளுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டவர். கார்பன் சிக்கனத்தில் அதை மிஞ்ச இன்றுவரை யாருமில்லை, ஆளே எரிபொருள். வெட்டியவர்கள் பேர் எதிலும் இல்லை. கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பேர் கால்வாய்க்கு வந்தது.

இந்தப் பிரபுவின் பூர்வோத்தரம் அழகானது. 1853 முதல் 1861 வரை இங்கிலாந்தில் லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் சேர்மன். ரயில்காரன் பேரை வைத்த கால்வாயை என்ன செய்யும் உலகம்? 1899இல் மதராஸையும் பெஜவாடாவையும் இணைத்து ரயில் விட்டது. எளாவூர் வழியாகத்தான். பாயும் கழியும் கயிறும் கொண்டு, கரையில் ஆள் நடந்து இழுத்து ஓட்டிய படகுக்கு ஒரு பொட்டுக் கரி வேண்டாம். அதைத் தோற்கடித்துக் கரி தின்கிற எஞ்சின் ஓடியது. அதை முன்னேற்றம் என்றார்கள். 1960களிலும் 70களிலும் வந்த புயல்கள் மிச்சப் படகையும் முடித்து வைத்தன. நெடுஞ்சாலையில் லாரி வந்தது.

அப்புறம் சென்னைக்கு ஞானம் பிறந்தது. பெட்ரோல் புகை ஜாஸ்தி, ரயில் விடுவோம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் தேடினார்கள். கண்ணில் பட்டது பக்கிங்ஹாம் கால்வாய். நட்ட நடுவில் தூணை இறக்கினார்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது. புகையில்லாத படகுப் பாதையை அடைத்து, புகை குறைந்த ரயில் விட்ட ஒரே நகரம் நம்முடையதாகத்தான் இருக்கும். அதோடு விட்டார்களா? 2008இல் மத்திய சர்க்கார் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4இல் சேர்த்து அறிவித்தது. தூணைச் சுற்றிக்கொண்டு படகு போகவேண்டும் போல.

மின்சாரத்தின் கதை இன்னும் ருசி. மதராஸ் 1895இலேயே மின்சார டிராம் ஓட்டியது. இந்தியாவில் முதல் ஊர். கொஞ்ச காலத்தில் பேசின் பிரிட்ஜில் மின்நிலையம் வந்தது. நிலக்கரி எரிந்தது நகரத்துக்குள்ளேயே. வெளிச்சமும் அங்கே, புகையும் அங்கே. சென்னையின் சரித்திரத்தில் யோக்கியமான ஒரு காலம் உண்டென்றால் இதைத்தான் சொல்வேன். டிராம் 1953இல் நின்றது.

யோக்கியம் எத்தனை நாள் தாங்கும்? நகரம் பெருத்தது, விளக்கு பெருத்தது, புகைபோக்கி வடக்கே நகர்ந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், 630 மெகாவாட். அப்புறம் அதே வளாகத்தில் இன்னொரு 1,200. பக்கத்தில் வல்லூரில் 1,500. 2024இல் மேலும் 800. பழைய எண்ணூர் நிலையத்தை 2017இல் மூடினார்கள். கரி இறக்க 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. ஆகமொத்தம் புகைபோக்கி நகரத்தைவிட்டு எங்கள் ஏரியைப் பார்த்துச் சில மைல் நடந்து வந்தது. லண்டன்காரன் தேம்ஸ் கரையில் பாட்டர்ஸீ மின்நிலையத்தை 1983இல் மூடி, பிற்பாடு அதில் கடையும் அடுக்குமாடியும் வைத்து விற்றான். நாம் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. எண்ணூரில் கடல் பார்த்த பால்கனி என்று விளம்பரம் வந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

ஒரு ராத்திரிக்கு என்ன ஆகிறது? நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 1 கிலோ கரியமில வாயு கிளம்புகிறது. ஒரு படுக்கையறை ஏசி ராத்திரிக்கு 8 யூனிட் இழுத்தால், காலையில் அண்ணா நகரில் ஒருவர் போர்வையை உதறி எழும்போது அவர் பேரில் 8 கிலோ வானத்தில் நிற்கிறது. இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றில் குழம்பு படிந்ததும், அது பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் ஊரறிந்த சங்கதி. கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குச் சேற்றுக்குப் பதில் சாம்பல் தட்டுகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

இப்போது, கடைசியில், புகைக்கு ஏடு வந்துவிட்டது. 2023இல் சென்னை மாநகராட்சி காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2018-19 கணக்குப்படி நகரம் விடுவது சுமார் 1 கோடியே 44 லட்சம் டன், ஆளுக்கு 1.9 டன் வாக்கில். அதில் 71 சதவீதம் கட்டடங்கள், மின்சாரம் முதலானவற்றில். போக்குவரத்து 16, குப்பை 13. 2050க்குள் நிகரப் பூஜ்யம் ஆக்கிவிடுவோம் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அத்திப்பட்டில் எரிகிற கரியை, சுவிட்ச் போடுகிறவன் பேரிலேயே எழுதியிருக்கிறான். நானூறு வருஷத்தில் முதல் தடவை. ஆளுக்கு 1.9 டன் என்பதும் மோசமில்லை. அமெரிக்காவில் ஆளுக்கு 14 டன் போகிறது. நெருக்கியடித்து வாழ்வதில் லாபம் உண்டு. ஒரே பஸ்ஸில் எண்பது பேர் தொங்கினால் தலைக்கு விழும் டீசல் சொற்பம். இடுக்கில் கட்டின வீட்டுக்குக் குழாயும் கம்பியும் குறைச்சல். வீட்டுப் பக்கத்திலேயே வேலையும் கடையும் ஸ்டேஷனும் அமைந்த நகரம் குறைவாக எரிக்கும் என்று ஐ.நா. காலநிலைக் குழுவும் சொல்கிறது. அதே குழு சொல்லும் இன்னொன்று: 2020இல் உலகத்துப் பசுங்குடில் வாயுவில் 67 முதல் 72 சதவீதம் வரை நகரங்களின் நுகர்வால் வந்தது.

'நுகர்வால்' வந்தது, கவனிக்கவும். சென்னை ஏட்டில் அந்தப் பக்கம் இன்னும் அநேகமாகக் காலி. மேம்பாலத்துக்குப் போகிற கம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருகியபோது விட்ட புகை கும்மிடிப்பூண்டிக் கணக்கு. ஒரு வளாகத்தில் ஆயிரம் வீடு கட்டப் போன சிமெண்டின் புகை எந்தச் சூளை ஊரோ அந்த ஊர்க் கணக்கு. குடிபோனவர்கள் பால்கனியில் துளசி வைத்து, சூரியத் தகடு போட்டு, பசுமைச் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்கள்.

பங்கு பிரிப்பதில் எங்கள் ஏரிக்காரர்களை யாரும் அசைக்க முடியாது. பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், எந்த ஊர், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருத்தனுக்கே நிரந்தரமாகக் கிடைக்காது. மோசமான இடமும் அப்படியே. யாருக்குப் பாடு உண்டு, யாருக்கு இல்லை என்று அதிலும் சண்டை உண்டு, கோர்ட் உண்டு. சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முறை மாறும். வானத்துக்கு அப்படிப் பாடு பிரித்தால், அடுத்த சாம்பல் குளம் போயஸ் தோட்டத்தின் முறை, அதற்கடுத்தது போட் கிளப். மனு எழுத நான் தயார். வாங்கிக்கொள்ள யாராவது வேண்டுமே.

அதற்குள் நகரமே கிளம்பி வந்துவிடும் போலிருக்கிறது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022இல் பெருநகர் எல்லையை 1,189இலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக நீட்டி அறிவித்தார்கள். புகையை அனுப்பி வைத்த திசையிலேயே மனை பிரித்து, கல் நட்டு, ஏஜெண்டுகள் நிற்கிறார்கள். ஏரிக் காற்று இலவசம் என்கிறார்கள்.

எளாவூரில் எங்களுக்கென்று மிச்சமிருப்பது செக்போஸ்ட். கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திரா தாண்டி வருகிற லாரிகள் இங்கே நிற்கும். வரிசை நீண்டால் எஞ்சினை அணைக்காமலே உறுமிக்கொண்டு நிற்கும். போன வாரம் ஒரு சிமெண்ட் லாரியைப் பார்த்தேன். பதிவு நாகாலாந்து. முதலாளி நாமக்கல். டிரைவர் பீகார். டீசல் ஒடிசாவில் போட்டதாம். சரக்கு சென்னைக்கு. புகை மட்டும் உள்ளூர். தெற்கத்திக் காற்று அடிக்கிற மாதங்களில் அது ஆந்திரா போய்ச் சேரும், வாடை திரும்பினால் சென்னைக்கே. இதை யார் கணக்கில் எழுதுவார்கள் என்று டீக்கடை அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் சிலேட்டை எடுத்துப் பார்த்தார்.

"எந்த லாரி? அந்த நாகாலாந்தா? நாலு டீ, ரெண்டு பன்னு. குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க தம்பி, வரிசை நகருது."